பட்டைக்கோடும் பதின்மூன்று எண்களும்

முன்னுரை

கோலாலம்பூரில் நம்மவர்கள் அதிகம் புழங்கும் வணிகத் தெருக்களுள் மஸ்ஜித் இந்தியாவும் ஒன்று. சேலைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, ஊதுபத்திக் கடை, மூலிகை எண்ணெய்க் கடை, தமிழ் நூல்களும் இதழ்களும் விற்கும் கடை என அங்கு இல்லாத கடை இல்லை. அக்கடைகளில் வாங்கும் மசாலைப் பொட்டலத்தையோ தைலப் புட்டியையோ திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்புக் கோடுகள் நிற்கும். அவற்றின் அடியில் பதின்மூன்று எண்கள் இருக்கும். இதனையே 'பார்கோட்' என்கிறோம். தமிழில் பட்டைக் குறியீடு எனலாம்.

இக்குறியீட்டைப் பற்றி மக்களிடையே மூன்று நம்பிக்கைகள் உலவுகின்றன. முதலாவது, 955 என்று தொடங்கினால் அது மலேசியாவில் செய்த பொருள் என்பது. இரண்டாவது, பொருளின் விலை அக்கோடுகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்பது. மூன்றாவது, குறியீடு இருந்தாலே அரசாங்கம் அப்பொருளைச் சோதித்து ஒப்புதல் தந்துவிட்டது என்பது. இம்மூன்றும் தவறானவை. இவற்றுள் மூன்றாவது நம் உடல்நலத்தையே தொடுகிறது. வீட்டில் பலகாரம் செய்து விற்கும் சிறு வணிகருக்கோ இவ்வெண்ணின் விவரம் தெரியாமல் போனால் பண இழப்பும் நேரும். எனவே, இவ்வெண்கள் எப்படி அமைகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

மணலில் வரைந்த கோடுகள்

1948-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள டிரெக்சல் கல்லூரிக்கு ஓர் உணவுக் கடைத்தொடரின் தலைவர் வந்தார். கடையில் பொருளைக் கொடுக்கும்போதே அதன் விவரத்தைத் தானாகப் பதிவு செய்ய ஒரு வழி வேண்டும் என்று கேட்டார். அப்பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் அதனைச் சொன்னார். உட்லண்ட் இளமையில் மோர்ஸ் தந்திமுறையைக் கற்றவர். மயாமி கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். மெல்லிய கோடும் தடித்த கோடும் கிடைத்தன. பட்டைக் குறியீட்டின் மூலக் கருத்து அதுதான். இருவரும் 1949-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1952-இல் அதனைப் பெற்றனர்.

ஆனால், அக்கோடுகளை விரைவாகவும் மலிவாகவும் படிக்கும் கருவி அன்று இல்லை. லேசர் ஒளியும் சிறிய கணினியும் வரும்வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1973-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த 12 எண் முறையை அமெரிக்க மளிகைத் துறையினர் ஏற்றனர். 1974 ஜூன் 26-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள மார்ஷ் பேரங்காடியில் முதல் பொருள் வருடப்பட்டது. அது 67 காசு விலையுள்ள ரிக்லி மெல்லும் மிட்டாய்ப் பொட்டலம்!

ஐரோப்பியர்கள் அந்த 12 எண்களோடு மேலும் ஓர் எண்ணைச் சேர்த்துப் பதின்மூன்றாக்கினர். 1977-இல் அதற்கான அமைப்பை பிரசல்ஸ் நகரில் நிறுவினர். அமெரிக்க அமைப்பும் ஐரோப்பிய அமைப்பும் ஒன்றிணைந்து 2005 முதல் 'ஜி.எஸ்.1' என்ற பெயரில் இயங்குகின்றன. நம் நாட்டில் இப்பணியைச் செய்வது ஜி.எஸ்.1 மலேசியா. இது மலேசிய உற்பத்தியாளர் கூட்டமைப்பைச் சார்ந்தது.

பதின்மூன்று எண்களின் பிரிவுகள்

பொருளின் எண்ணை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம்.

1. முன்னொட்டு: முதல் மூன்று எண்கள். மலேசியாவுக்கு 955, இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888, தாய்லாந்துக்கு 885, இந்தோனேசியாவுக்கு 899. சீனாவுக்கு 690 தொடங்கி 699 வரை உண்டு.

2. நிறுவன எண்: நிறுவனத்தை அடையாளம் காட்டுவது. இதன் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏராளமான பொருள்களை விற்கும் நிறுவனத்துக்குக் குறுகிய எண்ணும், சில பொருள்களே உள்ள நிறுவனத்துக்கு நீண்ட எண்ணும் கிடைக்கும். ஆகவே, நிறுவன எண் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

3. பொருள் எண்: நிறுவனம் தன் ஒவ்வொரு பொருளுக்கும் தானே கொடுப்பது.

4. சோதனை எண்: கடைசி எண். முன்னுள்ள பன்னிரண்டும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சரிபார்ப்பது.

இந்நான்கில் விலைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காசாளர் பொருளை வருடியதும் அந்த எண் கடையின் கணினிக்குச் செல்கிறது. கணினி தன் பட்டியலில் அவ்வெண்ணைத் தேடி, அதற்கு நேரே கடைக்காரர் எழுதி வைத்துள்ள விலையை எடுத்துக் காட்டுகிறது. ஒரே சாம்பார்த் தூள் பொட்டலம் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு விலைக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வேறொரு விலைக்கும் விற்கப்படலாம். கோடுகள் மாறுவதில்லை, கணினியிலுள்ள பட்டியல்தான் மாறுகிறது. அலமாரியில் ஒட்டிய விலையும் முகப்பில் கேட்கும் விலையும் வேறுபட்டால், கணினிப் பட்டியலும் அலமாரிச் சீட்டும் ஒன்றாகத் திருத்தப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பேரங்காடியில் மீனையும் காய்கறியையும் எடை போட்டு ஒட்டித் தருகிறார்களே, அச்சீட்டைப் பாருங்கள். அதன் எண் பெரும்பாலும் 2 என்று தொடங்கும். 2-இல் தொடங்கும் எண்கள் கடைகள் தமக்குள் பயன்படுத்திக் கொள்வதற்காக ஒதுக்கப்பட்டவை. அவற்றில் எடையையோ விலையையோ கடைக்காரர் உள்ளே வைக்கலாம். அடுத்த கடையில் அவ்வெண்ணுக்கு மதிப்பில்லை.

955 எதைச் சொல்கிறது?

955 என்பது, அவ்வெண்ணை வழங்கிய அமைப்பு ஜி.எஸ்.1 மலேசியா என்று மட்டுமே சொல்கிறது. பொருள் எங்கே விளைந்தது, எந்த ஆலையில் செய்யப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மலேசிய நிறுவனம் ஒன்று இந்தியாவிலிருந்து காய்ந்த மிளகாயை மூட்டையாக இறக்குமதி செய்து, கிள்ளானில் அரைத்துப் பொட்டலமிட்டு விற்கிறது. அப்பொட்டலத்தில் 955 இருக்கும். மிளகாய் இந்தியாவுடையது, எண் மலேசியாவுடையது. அதே நிறுவனம் சீனாவிலுள்ள ஓர் ஆலையில் தன் பெயரில் டப்பாக்களைச் செய்து தருவித்தாலும் அவற்றிலும் 955 இருக்கலாம். மறுபுறம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மலேசியாவில் ஆலை வைத்து இங்கேயே பொருளைச் செய்து, தன் தாய்நாட்டில் பெற்ற எண்ணை அதன்மேல் அச்சிடலாம். அப்பொருளை நம் தொழிலாளர்களே செய்திருந்தாலும் அதில் 955 இராது.

'முதல் மூன்று எண்களைப் பார்த்து இன்ன நாட்டுப் பொருளைத் தவிர்ப்பீர்', 'உள்நாட்டுப் பொருளை ஆதரிக்க 955-ஐத் தேடுவீர்' என்றெல்லாம் கைப்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. அனுப்புவோரின் நோக்கம் எதுவாயினும், அவர்கள் காட்டும் அளவுகோல் தவறானது. அதனால் நம் ஊர்த் தொழிலாளியின் பொருளையே நாம் ஒதுக்கிவிடவும் கூடும். பொருள் வந்த நாட்டை அறிய வேண்டுமானால் பொட்டலத்தின் எழுத்துகளைப் படிக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி, இறக்குமதி உணவுப் பொருளின் சீட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரியோடு அது வந்த நாட்டின் பெயரும் இருக்க வேண்டும்.

நூல்களில் ஒரு விந்தை

தமிழ் மாணவர்களாகிய நமக்கு நூல்களின் எண்ணைப் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. நூலின் பின்னட்டையில் உள்ள பட்டைக் குறியீடு 978 என்றோ 979 என்றோ தொடங்கும். இவை எந்த நாட்டுக்கும் உரியவையல்ல. நூலுலகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டவை. ஆண்டிதழ், திங்களிதழ் போன்ற தொடர் வெளியீடுகளுக்கு 977 ஒதுக்கப்பட்டுள்ளது.

978-க்கு அடுத்து வருவது நூல் வெளிவந்த நாட்டையோ மொழிப் பகுதியையோ குறிக்கும் எண். இந்திய நூல்களில் 81 அல்லது 93 இருக்கும். மலேசிய நூல்களில் 983 அல்லது 967 என்று இருப்பதைக் காணலாம். இலங்கை நூல்களுக்கு உரிய எண்களுள் ஒன்று என்ன தெரியுமா? 955! ஆகவே, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பதிப்பித்த நூலில் 978-955 என்று கண்டு, அதனை மலேசிய நூல் என்று எண்ணிவிடலாகாது. மசாலைப் பொட்டலத்தில் முதலில் நிற்கும் 955 மலேசியாவைக் குறிக்கிறது. நூலில் 978-க்குப் பின் நிற்கும் 955 இலங்கையைக் குறிக்கிறது. எண் ஒன்றாயினும் அது நிற்கும் இடமே அதன் பொருளை முடிவு செய்கிறது.

2007 ஜனவரி முதல் நாளுக்கு முன்பு நூல் எண்கள் பத்து இலக்கங்களாக இருந்தன. அதன்பிறகு பதின்மூன்றாயின. பழைய எண்ணின் முன்னால் 978-ஐ ஒட்டினால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. அது போதாது. கடைசிச் சோதனை எண்ணையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஏனெனில், பழைய முறை 11-ஆல் வகுத்துக் கணக்கிட்டது. புதிய முறை 10-ஐ அடிப்படையாகக் கொண்டது. பழைய நூல்களில் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து வருவதும் இதனால்தான். மீதிக் கணக்கில் பத்து வரும்போது ஒரே இலக்கத்தில் எழுத இயலாமையால், ரோமானிய எண்முறையில் பத்தைக் குறிக்கும் அவ்வெழுத்தை இட்டனர்.

கடைசி எண் எப்படி வருகிறது?

சோதனை எண்ணைக் காண்பது எளிது. பயிற்சிக்காக நாமே கட்டிய ஓர் எண்ணை எடுத்துக் கொள்வோம்: 955123456789. இதற்குப் பதின்மூன்றாவது எண் என்ன?

முதற்படி: இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுக.
9 + 5 + 2 + 4 + 6 + 8 = 34

இரண்டாம் படி: இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குக.
5 + 1 + 3 + 5 + 7 + 9 = 30; 30 × 3 = 90

மூன்றாம் படி: இரண்டையும் கூட்டுக.
34 + 90 = 124

நான்காம் படி: இக்கூட்டுத்தொகை பத்தின் மடங்காக இன்னும் எவ்வளவு வேண்டும்? 130 ஆவதற்கு 6 வேண்டும். ஆகவே சோதனை எண் 6. முழு எண் 9551234567896. கூட்டுத்தொகை ஏற்கெனவே பத்தின் மடங்காக இருந்தால் சோதனை எண் 0.

காசாளரின் கருவி ஒவ்வொரு முறையும் இக்கணக்கைச் செய்து பார்க்கிறது. கணக்கு ஒத்து வராவிட்டால் எண்ணை ஏற்பதில்லை. ஏன் மூன்றால் பெருக்குகிறார்கள்? எல்லா எண்களையும் வெறுமனே கூட்டினால், 51 என்பதை 15 என்று மாற்றித் தட்டச்சு செய்தாலும் கூட்டுத்தொகை மாறாது. மூன்றால் பெருக்குவதால் இடம் மாறியது தெரிந்துவிடும். ஓர் எண் மட்டும் தவறானால் இம்முறை அதனைத் தப்பாமல் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால், அவ்விரு எண்களின் வேறுபாடு ஐந்தாக இருந்தால் பிடிக்காது. 16 என்பது 61 ஆனால் பாருங்கள்: 1 + 18 = 19; 6 + 3 = 9. வேறுபாடு சரியாகப் பத்து. கணக்கின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே!

இக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. எண் சரியாகப் படிக்கப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். போலிப் பொருளில் அசல் பொருளின் எண்ணை அப்படியே அச்சிட்டாலும் கணக்குச் சரியாகவே வரும்.

கோடுகள் எண்களாவது எப்படி?

குறியீட்டின் அகலம் 95 சம கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. இரு ஓரங்களிலும் மும்மூன்று கட்டங்களில் காவற்கோடுகள். நடுவில் ஐந்து கட்டங்கள். இடப்பக்கம் ஆறு எண்கள். வலப்பக்கம் ஆறு எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஏழு கட்டங்கள். 3 + 42 + 5 + 42 + 3 = 95. கணக்குச் சரி. ஆனால், ஆறும் ஆறும் பன்னிரண்டுதானே! பதின்மூன்றாவது எங்கே?

இங்கேதான் ஐரோப்பியர்களின் திறமை தெரிகிறது. அமெரிக்கக் கருவிகள் ஏற்கெனவே 12 எண்களைப் படிக்கப் பழகியிருந்தன. குறியீட்டின் அகலத்தைக் கூட்டாமல் இன்னோர் எண்ணை நுழைக்க வேண்டும். அதற்காக, இடப்பக்க எண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட்டு வடிவங்களை வைத்தனர். அவற்றை 'அ' வடிவம், 'ஆ' வடிவம் எனக் கொள்வோம். ஆறு எண்களும் எந்த வரிசையில் இவ்வடிவங்களை மாற்றி மாற்றி அணிகின்றனவோ, அந்த வரிசையே முதல் எண்ணைச் சொல்லிவிடும். அ, ஆ, ஆ, அ, ஆ, அ என்று இருந்தால் முதல் எண் 9. முதல் எண்ணுக்கு எனத் தனிக்கோடு கிடையாது. மற்ற எண்களின் உடையில் அது மறைந்திருக்கிறது.

இதனை நீங்களே கண்ணால் காணலாம். 955 என்று தொடங்கும் எந்தப் பொருளையும் எடுத்து, இடது ஓரத்திலிருந்து முதல் ஆறு கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். அவற்றின் பருமன் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று என்ற அளவில் இருக்கும். முதலிரண்டும் காவற்கோடுகள், அடுத்த இரண்டும் முதல் ஐந்துக்கு உரியவை, கடைசி இரண்டும் அடுத்த ஐந்துக்கு உரியவை. எண் ஒன்றுதான், ஆனால் 'அ' வடிவத்தில் ஒன்றும் 'ஆ' வடிவத்தில் ஒன்றுமாக இருப்பதால் கோடுகள் வேறுபடுகின்றன.

வருடும் கருவி பெரும்பாலும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. வெள்ளைப் பகுதி ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பகுதி விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வே எண்ணாக மாறுகிறது. சிவப்பு மையில் அச்சிட்ட கோடுகளும் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கருவிக்கு அவை வெள்ளைத் தாளாகவே தெரியும். தீபாவளிப் பலகாரப் பெட்டிக்குச் சிவப்புக் கோடுகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முகப்பில் அவை படிக்கப்படா. கறுப்பு, கருநீலம், கரும்பச்சைக் கோடுகளை வெள்ளை அல்லது மஞ்சள் பின்னணியில் அச்சிடுவது பாதுகாப்பானது. கோடுகளின் இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும்: இடப்பக்கம் 11 கட்ட அளவு, வலப்பக்கம் 7 கட்ட அளவு. குறியீட்டின் இயல்பான அளவு 37.29 மில்லிமீட்டர் அகலம், 25.93 மில்லிமீட்டர் உயரம். இதனை 80 விழுக்காடு வரை குறைக்கலாம். 200 விழுக்காடு வரை பெருக்கலாம்.

பெட்டி, கொள்கலன், அஞ்சல் பொதி

பொட்டலத்துக்கு ஓர் எண் இருப்பதுபோல, அவற்றை அடுக்கிய அட்டைப் பெட்டிக்கும் தனி எண் வேண்டும். இருபது பொட்டலம் கொண்ட பெட்டியும் ஒற்றைப் பொட்டலமும் கணினிக்கு ஒன்றாகத் தெரிந்தால் கையிருப்புக் கணக்குக் குழம்பிவிடும் அல்லவா? பெட்டியின் எண் பதினான்கு இலக்கம் கொண்டது. பொட்டல எண்ணின் முதல் பன்னிரண்டுக்கு முன்னால் 1 முதல் 8 வரை ஓர் எண்ணைச் சேர்த்து, சோதனை எண்ணை மீண்டும் கணக்கிட வேண்டும். நமது பயிற்சி எண்ணுக்கு முன் 1-ஐச் சேர்த்தால், அது மூன்றால் பெருக்கப்பட்டு 124 என்பது 127 ஆகும். 130-க்கு இன்னும் 3 வேண்டும். பெட்டியின் எண் 19551234567893.

பல பெட்டிகளை அடுக்கிக் கட்டிய சரக்கு அடுக்குக்குப் பதினெட்டு இலக்க எண் உண்டு. பொட்டலத்தின் எண் பொருளின் வகையைக் குறிக்கிறது. ஒரே வகைப் பொட்டலங்கள் அனைத்துக்கும் எண் ஒன்றே. சரக்கு அடுக்கின் எண்ணோ ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி; நம் அடையாள அட்டை எண் போல. கிள்ளான் துறைமுகத்தில் காணும் கொள்கலன்களின் பக்கவாட்டில் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். நான்காவது, கொள்கலன் வகையைக் குறிக்கும். அதன் கடைசி எண்ணும் சோதனை எண்ணே.

தமிழகத்திலிருந்து நூலோ சேலையோ அஞ்சலில் தருவிப்பவர்களுக்குப் பொதியின் எண் தெரிந்திருக்கும். பன்னாட்டு அஞ்சலில் அது இரண்டு எழுத்து, ஒன்பது எண், இரண்டு எழுத்து எனப் பதின்மூன்று குறிகள் கொண்டது. முதலிரண்டு எழுத்துகள் சேவை வகையைச் சொல்லும். 'ஆர்' என்று தொடங்கினால் பதிவு அஞ்சல், 'இ' என்று தொடங்கினால் விரைவஞ்சல். கடைசி இரண்டு எழுத்துகள் எண்ணை வழங்கிய அஞ்சல் துறையின் நாட்டைச் சொல்லும்: 'எம் ஒய்' மலேசியா, 'ஐ என்' இந்தியா, 'எல் கே' இலங்கை.

இதன் சோதனை முறை வேறு. எட்டு எண்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 ஆனால் 0 என்றும், 11 ஆனால் 5 என்றும் கொள்ள வேண்டும். 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, சோதனை எண் 5. 'உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் கட்டுக' என்று குறுஞ்செய்தி வந்தால், முதலில் அதிலுள்ள எண்ணை இவ்வாறு சோதித்துப் பாருங்கள். கணக்கு ஒத்து வராத அஞ்சல் எண் பொய்யானது. ஒத்து வந்தாலும் அது உண்மையென்று உறுதியாகாது. செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், அஞ்சல் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் எண்ணை இட்டுப் பார்ப்பதே முறை. தனியார் அஞ்சல் நிறுவனங்கள் தத்தம் சொந்த எண்முறையைப் பின்பற்றுவதால் இக்கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

குறியீடு சொல்லாதவை

பட்டைக் குறியீடு வணிகத்துக்கான அடையாளம் மட்டுமே. அதனை வழங்கும் அமைப்பு பொருளைச் சுவைத்துப் பார்ப்பதுமில்லை, ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதுமில்லை. ஒரு பொருள் ஹலால் ஆனதா என்பதை 955 சொல்லாது. அதற்கு ஜாக்கிமின் ஹலால் சின்னத்தையோ, ஜாக்கிம் ஏற்றுள்ள வெளிநாட்டு அமைப்பின் சின்னத்தையோ பார்க்க வேண்டும்.

மூட்டு வலிக்கும் நீரிழிவுக்கும் என்று விற்கப்படும் பாரம்பரிய மருந்துகளை நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் விரும்பி வாங்குகின்றனர். பளபளப்பான பெட்டி, அதன்மேல் பட்டைக் குறியீடு. இது போதுமென்று நம்பிவிடுகின்றனர். மலேசியாவில் விற்கப்படும் மருந்து, சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தில் 'எம் ஏ எல்' என்ற மூன்று எழுத்துகளும், எட்டு எண்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். இறுதியில் 'டி' இருந்தால் அது பாரம்பரிய மருந்து. அப்பதிவு எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகவையின் இணையத்தளத்தில் இட்டால் பொருளின் பெயரும் உரிமையாளரின் பெயரும் வரும். பெட்டியில் உள்ள பெயரும் திரையில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டியால் இதனைச் செய்ய முடியாதிருக்கலாம். கைப்பேசியும் கையுமாக இருக்கும் நமக்கு இது இரண்டு நிமிட வேலை.

சிறு வணிகர்கள் கவனத்திற்கு

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் முறுக்கு, ஊறுகாய், இட்லிப் பொடி ஆகியவற்றை வீட்டிலேயே செய்து விற்கும் குடும்பங்கள் உண்டு. ஒட்டுக்கடையில் விற்கும் வரை பட்டைக் குறியீடு தேவையில்லை. பேரங்காடிக்குள் நுழைய வேண்டுமானால் பெரும்பாலும் தேவைப்படும். அவ்வேளையில் நினைவில் கொள்ள வேண்டியவை இவை:

- எண்ணை ஜி.எஸ்.1 மலேசியாவில் உறுப்பினராகிப் பெற வேண்டும். இணையத்தில் மலிவு விலைக்கு எண்களை மறுவிற்பனை செய்வோர் உண்டு. அவ்வெண் உலகப் பதிவேட்டில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பேரங்காடியோ இணைய அங்காடியோ பதிவேட்டைச் சரிபார்த்தால் பொருள் ஏற்கப்படாமல் போகலாம். அச்சிட்ட பெட்டிகள் அத்தனையும் வீணாகும்.

- 100 கிராமுக்கு ஓர் எண், 250 கிராமுக்கு வேறோர் எண். காரமுறுக்குக்கும் தேங்காய்ப்பால் முறுக்குக்கும் தனித்தனி எண்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டிய தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கு இன்னோர் எண்.

- விலை மாறினால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எடை மாறினால் மாற்ற வேண்டும்.

- நிறுத்திவிட்ட பொருளின் எண்ணைப் புதிய பொருளுக்குக் கொடுக்கக் கூடாது. மறுபயன்பாடு கூடாது என்ற விதி 2018 இறுதியிலிருந்து நடப்பில் உள்ளது.

- பெருந்தொகையாக அச்சிடுவதற்கு முன் ஒரு சீட்டை அச்சிட்டு, கடையொன்றின் கருவியில் வருடிப் பார்க்க வேண்டும்.

வணிகத்துறையிலும் கணினித்துறையிலும் பயிலும் மாணவர்கள் இவ்விவரங்களைத் தம் வட்டாரத்துச் சிறு வணிகர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். நமது கல்வி பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிடலாகாது.

இனி வருவது

1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கியூ.ஆர். எனப்படும் சதுரக் குறியீட்டை உருவாக்கியது. மஸ்ஜித் இந்தியாவின் ஒட்டுக்கடைகளில் பணம் செலுத்துவதற்காகத் தொங்கும் சதுரமும் இவ்வகையே. ஆனால், அது கடைக்காரரின் கணக்கைக் காட்டுவது, பொருளைக் காட்டுவதன்று. இப்போது பொருளின் எண்ணையும் சதுரக் குறியீட்டுக்குள் வைக்கும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகிறது. 2027 இறுதிக்குள் கடைமுகப்புக் கருவிகள் அவற்றைப் படிக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.1 வகுத்துள்ள இலக்கு. அதில் பொருளின் எண்ணோடு தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் சேர்க்கலாம். காலாவதியான பால்மாவை முகப்பிலேயே கருவி தடுத்து நிறுத்தும் வாய்ப்பு இதனால் பிறக்கிறது.

முடிவுரை

பட்டைக் குறியீடு என்பது ஓர் எண்ணின் கோட்டு வடிவம். 955 என்பது எண் வழங்கிய இடம். பொருள் பிறந்த இடமன்று. கடைசி எண் படிப்புப் பிழையைப் பிடிக்கும், போலியைப் பிடிக்காது. விலை கடைக் கணினியில் உள்ளது. பொருள் வந்த நாட்டை எழுத்தில் தேட வேண்டும். ஹலாலைச் சின்னத்தில் தேட வேண்டும். மருந்தின் தகுதியைப் பதிவு எண்ணில் தேட வேண்டும். இவ்வளவும் தெரிந்தவரை வெறும் கோடுகளைக் காட்டி யாரும் ஏமாற்ற இயலாது.

வாசகர்கள் முயன்று பார்க்க இரண்டு பயிற்சி எண்கள்:

அ) இந்திய முன்னொட்டு: 890246801357 – பதின்மூன்றாவது எண் யாது?
ஆ) இலங்கை முன்னொட்டு: 479112233445 – பதின்மூன்றாவது எண் யாது?

(விடைகள்: அ) 3, ஆ) 1)